நாற்பதாம் பக்கத்துச் சீட்டு

நாற்பதாம் பக்கம் வந்ததும் எடையக்கா புத்தகத்தை மூடிவிடுவாள். கதை எங்கே நிற்கிறது என்பதைப் பற்றிக் கவலையே கிடையாது. யாரோ கதவைத் தட்டுகிற இடமாக இருக்கலாம், மாடிப்படியில் காலடி கேட்கிற இடமாக இருக்கலாம், ஒரு வாக்கியம் பாதியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டபடி மூடி மடியில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து, அச்சு சரியாக விழாமல் பாழாய்ப்போன எடைச் சீட்டு ஒன்றை எடுப்பாள். மஞ்சள் தாள். அதை ஸ்கேல் வைத்து நாலாகக் கிழித்து, ஒரு துண்டின் வெற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு பெயரை எழுதுவாள். காரணம் எழுத மாட்டாள். காரணம் எழுதப் போனால் மனசு மாறிவிடும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது. தாளை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் காகிதப் பைக்குள் செருகுவாள். அப்புறம்தான் விட்ட வாக்கியத்தின் மீதி.

எழுதிய பெயர் கொலைகாரனுடையது. அதாவது, அவள் கணிப்பில்.

அவளுக்கு வேலை லாரி எடை மேடையில். வெறும் லாரி வந்து மேடையில் நிற்கும், ஒரு எடை. சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி வரும், இன்னொரு எடை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உண்மை. மற்றபடி டிரைவர் சொல்வது, சரக்குக்காரர் சொல்வது எல்லாம் வெறும் பேச்சு. புத்தகத்தையும் இப்படித்தான் இரண்டு தடவை எடை போட வேண்டும் என்பது அக்காவின் கட்சி. படித்து முடித்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று எவர் வேண்டுமானாலும் சொல்லலாம், முன்னாலேயே எழுதி வைத்தவர் எத்தனை பேர்? அது ஏன் நாற்பதாம் பக்கம் என்று கேட்டால், மேடை தாங்குவது நாற்பது டன், அதற்கு மேல் ஏற்றினால் மேடைக்கும் ஆகாது மண்டைக்கும் ஆகாது என்பாள்.

மேடையை ஒட்டினாற்போல் அவளுடைய அறை. மூன்று ஆள் நின்றால் நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். கதவு முழுதாகச் சாத்தாது, ஜன்னல் கொக்கியைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது, மின்விசிறி தனக்குத் தோன்றினால் சுற்றும். எடை காட்டும் கருவி உட்கார்ந்திருக்கும் இரும்பு மேசை மட்டும் பாறை மாதிரி நிற்கும். முப்பது டன் லாரி பக்கத்தில் பிரேக் போட்டாலும் மேசை மேல் இருக்கும் டீ தளும்பாது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷம், கால் மணி நேரம் எல்லாம் அவள் புத்தகத்துக்கு. டிரைவர்களுக்கும் இது பழகிப்போய்விட்டது. ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, நாப்பது வந்தாச்சா? இல்லன்னா நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று கேட்கிற டிரைவர்கள் உண்டு. "நீ வண்டிய ஏத்து தம்பி, செத்தவன் எங்கயும் ஓடிட மாட்டான்" என்பாள்.

துப்பறியும் கதை தவிர வேறெதுவும் அவள் படிப்பதில்லை. எழுத்தாளர்களின் பெயர்கள் அவளுக்கு நினைவில் நிற்காது. அதற்கு ஈடாக அவளே பெயர் வைத்துவிடுவாள். முதல் அத்தியாயத்தில் தவறாமல் மழை பெய்ய வைக்கிறவர் மழைக்காரர். யாரைக் கொன்றாலும் விஷம் வைத்தே கொல்கிறவர் டம்ளர்க்காரர். ஒருத்தரை நல்லவர் நல்லவர் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக் கடைசியில் அவர் கையிலேயே விலங்கு மாட்டுகிறவர் கழுத்தறுப்பு. இந்த மூவரில் அவளுக்கு உயிர் கழுத்தறுப்புதான். அதிகம் ஏமாற்றினவரும் அவர்தான். ஆனால் இந்த இரண்டாவது செய்தி வெளியே ஒருவருக்கும் தெரியாது.

வெளியே தெரிந்ததெல்லாம் வேறு. எடையக்கா நாற்பதாம் பக்கத்தில் சொன்னால் தப்பாது, இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை என்பதுதான் ஊர்ப் பேச்சு. அவள் பொய் சொல்லி வாங்கிய பேர் இல்லை அது. கணிப்பு சரியாக வந்த நாளில் சந்தோஷம் தாங்காமல் நாலு பேரிடம் சொல்வாள். தப்பான நாளில் எவரிடமும் சொல்ல மாட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மீதியை ஊரே கூட்டிப் பெருக்கிக்கொண்டது.

இதெல்லாம் தொடங்கியது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். அதுவரை பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகத்தை அவள் தொட்டதில்லை. முன்பு வேலை பார்த்தவர் விட்டுப்போன இழுப்பறையில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஒன்று, பாதிச் சீப்பு ஒன்று, ஒரு புத்தகம். முன்னட்டை இல்லை, தலைப்பு இருக்கும் தாளும் இல்லை. அன்றைக்கு லாரி குறைவு. பொழுது போகாமல் எடுத்தாள். பூட்டிய வீட்டுக்குள் பணக்காரக் கிழவர் ஒருவர் செத்துக்கிடக்கிறார். சந்தேகத்துக்கு ஐந்து பேர்: பெரிய மாப்பிள்ளை, தங்கை, டாக்டர், சமையல்காரர், கூடத்தில் நிற்கும் பெரிய கடிகாரத்தைச் சரிபார்க்க வாரா வாரம் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற கடிகாரக்காரன். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து படித்தாள். துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்துக்கு வரச்சொல்லி, தொண்டையைக் கனைத்து, "கொலை செய்தவர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்றார். தாளைத் திருப்பினால் பின்னட்டை. தைப்பை ஒட்டி, ஆறு தாள்களைக் கிழித்த தடம் மட்டும் பல் விழுந்த ஈறு மாதிரி நின்றது.

மறுநாள் மின்விசிறியைப் பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். மெலிந்த ஆள், வாய் பேசாதவர். அந்த வாரம் மேடையின் சில்லறை ரிப்பேர்களையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமே கேட்டாள், இந்தப் புத்தகத்தின் கடைசித் தாள்களை எங்கேயாவது பார்த்தீர்களா என்று. அவர் மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இல்லை என்று தலையாட்டினார். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலையில் இருந்த அக்கா, முழுக்கதையையும் அவரிடம் கொட்டினாள். ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தாள். தங்கைக்குத் தைரியம் கிடையாது, டாக்டருக்கு வேறு வழி எத்தனையோ இருந்தது, சமையல்காரர் அழுத அழுகை நிஜம்.

"கடிகாரக்காரனா இருக்காது. பையத் தூக்கிட்டு ரிப்பேருக்கு வர்றவங்க மேல எனக்கு என்னமோ சந்தேகமே வராது" என்றாள் கடைசியாக. "மாப்பிள்ளைதான். சத்தியமா மாப்பிள்ளைதான்."

மெக்கானிக் சிறிது நேரம் ஏணி மேலேயே நின்றார். "இருக்கும்ங்க" என்றார்.

அந்த வருஷம் அந்த மின்விசிறி பதினொரு தடவை ரிப்பேரானது. பன்னிரண்டாவது தடவை ரிப்பேராவதற்குள் இருவருக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் கதை சொன்ன அன்றைக்கே "பெரிய மாப்பிள்ளை" என்று எழுதி வைத்த மஞ்சள் துண்டுதான் முதல் சீட்டு. பிஸ்கட் டப்பா ஒன்றில் அதைப் போட்டு வைத்தாள். சரியா தப்பா என்று பார்க்க முடியாத சீட்டு. ஆனாலும் சரி என்றே கணக்கு. அப்புறம், அந்தக் கதை முழுசாக எங்கேயாவது கிடைக்காதா என்றுதான் நூலகத்தில் சேர்ந்தாள். தலைப்பு தெரியாது, எழுதினவர் தெரியாது. ஜன்னல் ஓரமாக மூன்றாவதாக நிற்கும் துப்பறியும் அலமாரியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. தேடப் போய் ருசி கண்டுகொண்டாள். சரியான சீட்டு டப்பாவுக்கு வரும். தப்பான சீட்டைப் பார்க்கவே பிடிக்காது. கிழித்துப் போடவும் மனசு வராது. அது கிடந்த காகிதப் பைக்குள்ளேயே, நூலக அட்டைக்கும் பின்னால், அடி ஆழத்தில் அழுத்தித் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கண்ணில் படாதது நடக்காதது.

நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீள மேசையில் ஒரு கூட்டம் சேரும். கூட்டம் என்றால் மூன்று பேர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லாரும் அவரைக் கார்டு சார் என்பார்கள். அவருக்கு ராஜா ராணிக் கதைதான் வேண்டும், அதுவும் மூன்று பாகத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பாகத்தில் முடிகிற ராஜாவெல்லாம் என்ன ராஜா என்பார். இரண்டாவது ஆள் மருந்தம்மா. மருந்துக் கடை வைத்திருப்பவர். பகல் முழுக்க இருமலும் வயிற்றுவலியும் கேட்டுக் கேட்டு அலுத்தவருக்குக் காதல் நாவல் தவிர எதுவும் இறங்காது. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் இல்லையென்றால் அந்த எழுத்தாளரை மூன்று மாதம் தள்ளி வைத்துவிடுவார். மூன்றாவது ஆள் எடையக்கா. ஒருத்தர் படிப்பதை இன்னொருத்தர் கிண்டல் செய்வதுதான் அங்கே முக்கால்வாசி நிகழ்ச்சி. "உங்க ராஜா குதிரை ஏறவே எண்பது பக்கமாகுது, அதுக்குள்ள எங்க ஆளு ரெண்டு பேரைப் போட்டுத் தள்ளிடுவான்" என்பாள் அக்கா. மூவரும் ஒன்றுசேர்ந்து கிண்டல் செய்வது மூலையில் இருக்கும் கவிதை அலமாரியை. அங்கே இருக்கும் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து கார்டு சாரின் ஒரு ராஜாவின் கனம் வராது. இந்தக் கூச்சலை அடக்குவதற்கென்றே நூலகர் இருந்தார். வாயில் விரல் வைத்தபடியே பிறந்தவர். அவருக்கு உஷ் சார் என்று பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டு சார் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக விஷயத்தைப் போட்டார். துப்பறியும் அலமாரியில் எவனோ ஒரு படுபாவி ஒவ்வொரு புத்தகத்திலும் கொலைகாரன் பெயரைச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறானாம்.

நடந்தது இதுதான். நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எல்லாப் புத்தகத்துக்கும் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பைக்குள் இருந்த பழைய அட்டைகளை உருவிவிட்டார்கள். உருவிய வேகத்தில், வருஷக்கணக்காக அடியில் ஒட்டிக் கிடந்த மஞ்சள் சீட்டுகள் மேலே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. யாரோ ஒருத்தர் பிரித்துப் படித்தார். "வக்கீல்" என்றிருந்தது. இன்னொருத்தர் பிரித்தார். "சின்ன அண்ணி." செய்தி பரவியதும் வருகிறவர்கள் எல்லாம் புத்தகத்தை எடுத்தவுடன் நேரே பின்னட்டையைத் திறந்தார்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பிரிப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு புத்தகத்தை வைத்துவிட்டுப் போவார்கள். சீட்டு இல்லாத புத்தகத்தையும் ஒருவரும் தொடவில்லை. நடுப் பக்கத்தில் எங்கேயாவது பதுங்கியிருக்கும் என்ற பயம்.

அக்காவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கார்டு சார் மேசை மேல் பரப்பிய சீட்டுகளில் இருந்தது அவளுடைய கையெழுத்து. ஒற்றைச் சொல் என்பதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கார்டு சார் அவளைப் பார்த்துக் கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "நீங்கதாம்மா கண்டுபிடிக்கணும். நாப்பது பக்கத்துல கொலைகாரனைப் புடிக்கிற ஆளு, இந்தச் சீட்டுக்காரனைப் புடிக்க மாட்டீங்களா?"

அக்கா தண்ணீர் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு உஷ் சாரே எழுந்து மேசைக்கு வந்தார். ஆறு மாதக் கணக்கைக் கம்ப்யூட்டர் துப்பிவிட்டதாம். துப்பறியும் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்த ஒரே ஆள் எடையக்கா. ஒரே ஒருத்தருக்காக ஒரு அலமாரியை வைத்திருக்க மேலிடத்தில் ஒப்ப மாட்டார்கள். வருகிற மாதக் கடைசியில் அத்தனையையும் மூட்டை கட்டிப் பழைய தாளுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்ற வகைப் புத்தகங்களை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் வழக்கத்தைவிடவும் இறங்கியிருந்தது.

இன்னும் அறுபது, எழுபது புத்தகம் அதில் அவள் படிக்காதது பாக்கி. அந்த முதல் கதை அதில் ஒன்றாக இருக்கலாம், அட்டையோடு, கடைசி ஆறு தாளோடு. அதைவிட, அந்த அலமாரி இல்லாத நூலகத்துக்குள் எதற்காக நுழைவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. காப்பாற்ற ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வழி, தப்பே செய்யாத எடையக்கா என்ற பேரின் மேல் லாரி ஏறுவது மாதிரி ஏறித்தான் போக வேண்டியிருந்தது.

இதற்குள் கார்டு சார் தானே துப்பறியத் தொடங்கிவிட்டார். சீட்டைத் திருப்பிப் பார்த்ததில் பின்பக்கம் மங்கலான அச்சில் ஏதோ எண்களும் கிலோ என்ற சொல்லும் இருந்தன. கிலோ என்றால் தராசு. தராசு என்றால் மாவு மில்காரர். மில்காரர் திங்கட்கிழமை தோறும் வந்து பேய்க் கதை எடுத்துப் போகிறவர், பேய்க் கதைக்காரர்களுக்குத் துப்பறியும் கதையைக் கண்டாலே ஆகாது என்பது உலகத்துக்கே தெரியும். அடுத்த ஞாயிறு மில்காரரை வரவழைத்து நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். கூடத்தில் யாருடையதோ ஒரு ஃப்ரிட்ஜ் முதுகைத் திறந்துகொண்டு கவிழ்ந்து கிடந்தது. இப்போதெல்லாம் மெக்கானிக்குக்கு ஃப்ரிட்ஜ் வேலைதான். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷத்துக் குடித்தனத்தில் அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து அவள் பார்த்ததில்லை. புத்தகத்தை அவர் தலையணை என்பார். ஆனால் அவள் கதை சொன்னால் மட்டும் வேலையை நிறுத்தாமல் முழுசாகக் கேட்பார்.

எல்லாவற்றையும் சொன்னாள். தப்பான சீட்டுகள் அறுபத்தொன்று என்பதையும் சொன்னாள். எண்ணிக்கை அவளுக்கு என்றுமே மறந்ததில்லை.

"அறுபத்தொண்ணா?" என்றார் மெக்கானிக்.

"சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்? இத்தனை வருஷத்துல வெறும் அறுபத்தொண்ணுதானான்னு கேட்டேன்."

"இருபத்தாறு வருஷமா தப்பே பண்ணாதவன்னு இருந்துட்டு, இப்பப் போய் நானே மேசையில பரப்பிக் காட்டுறதா?"

"அந்தப் பேர வச்சு என்ன பண்ணப் போற? பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடவா?" என்றவர், இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையிலேயே இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தரையெல்லாம் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை நீள மேசையைச் சுற்றி வழக்கத்துக்கு மாறாக ஏழெட்டுப் பேர். மாவு மில்காரர் எதற்கு வரச்சொன்னார்கள் என்றே தெரியாமல், கையில் பேய்க் கதையோடு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கார்டு சார் நடுவில் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "இந்த வேலையச் செஞ்ச ஆளு இப்ப இந்த ரூம்லதான் இருக்காரு" என்றார்.

"ஆமா சார், இருக்கேன்" என்றாள் அக்கா.

பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். மஞ்சள் துண்டுகள் மலையாகச் சரிந்தன. கார்டு சார் தன் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மில்காரரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார். மருந்தம்மாவுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"ஏன்க்கா, எல்லாத்தையும் கரெக்டா கண்டுபிடிச்சு, அதை மத்தவங்களுக்கும் எழுதி வச்சு, இது என்னக்கா புத்தி?"

கொட்டியதைவிடக் கஷ்டம் இனிமேல்தான் இருந்தது. அக்கா டப்பாவின் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "கரெக்டா கண்டுபிடிச்சதெல்லாம் இதோ, இந்த டப்பாவுல கெடக்கு. புஸ்தகத்துக்குள்ள கெடக்கிறது நான் தோத்தது. அறுபத்தொண்ணு. அதுல ஒருத்தன்கூடக் கொலைகாரன் இல்ல."

அறையில் உண்மையிலேயே சத்தம் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். உஷ் சாருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை.

கார்டு சார் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்த வக்கீல்?"

"வக்கீல் பாவம் சார். அவரு அந்த நேரத்துல ஊர்லயே இல்ல."

"அப்ப சின்ன அண்ணி?" இது மருந்தம்மா. காதல் நாவல் தவிர எதையும் தொடாத மருந்தம்மா, தான் அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்த்ததை இவ்வளவு நாள் சொல்லவே இல்லை.

"அவ தங்கம்."

"பின்ன யாருதாங்க்கா?"

"அத நான் வாய விட்டுச் சொன்னா, இப்பச் செய்யாத குத்தத்தை அப்பச் செஞ்சவளாயிடுவேன்" என்றாள் அக்கா.

கார்டு சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மூன்று பாகத்துக்குக் குறைந்த எதையும் வாழ்நாளில் தொடாத மனிதர், மூன்றாவது அலமாரிக்குப் போய் வக்கீல் புத்தகத்தை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மருந்தம்மா சின்ன அண்ணியை எடுத்தார். மாவு மில்காரர் எழுந்து போய், எதில் சீட்டு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பைக்குள் விரல் விட்டுப் பார்த்து, இரண்டு எடுத்துக்கொண்டார். யார் செய்யவில்லை என்று தெரிந்து படிப்பதில் ஒரு தனிச் சுகம் இருந்தது. நாற்பதாம் பக்கத்தில் எடையக்கா எங்கே வழுக்கினாள், எழுத்தாளர் எங்கே அவளுக்குக் காலை நீட்டினார் என்று கண்டுபிடிப்பது கொலைகாரனைக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய விளையாட்டாகிவிட்டது. டிரைவர் தம்பிகள்கூட உறுப்பினராகச் சேர்ந்தார்கள். எடை மேடை ஜன்னலில் தலையை நீட்டி, "கழுத்தறுப்பு உன்னை இப்படிக் கழுத்தறுத்திருக்கக் கூடாதுக்கா" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஆச்சரியம் என்னவென்றால், ஒருவரும் அவளை ஒரு படி இறக்கிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அவளிடம் கதையைப் பற்றிப் பேசவே கொஞ்சம் பயந்தவர்கள், இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாதாடினார்கள்.

மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் வேறு கணக்கைத் துப்பியது. மூட்டை கட்டுவதற்கு அலமாரியில் ஒன்பது புத்தகங்கள்தான் மிச்சம் இருந்தன. மற்றதெல்லாம் வீடுகளில். உஷ் சார் மேலிடத்துக்கு என்ன எழுதினாரோ, அலமாரி நின்ற இடத்திலேயே நின்றது. அதன் நெற்றியில் தன் முத்தான கையெழுத்தில் ஒரு அட்டை எழுதி ஒட்டினார்: "எச்சரிக்கை. இங்கே அறுபத்தொரு தப்பான துப்புகள் இருக்கின்றன."

ஒரு வாரம் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் பார்த்தால், "அறுபத்தொரு" என்பதை ஒற்றைக் கோட்டில் அடித்து, மேலே "அறுபத்திரண்டு" என்று எழுதியிருந்தது. எழுத்து எடையக்காவுடையது, இப்போது அது எல்லாருக்கும் அடையாளம் தெரியும். புதிதாக எதில் தோற்றாள் என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். அலமாரியின் கோடியில் முன்னட்டை இல்லாத பழம்புத்தகம் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதன் கடைசி ஆறு தாள்கள் மட்டும் எட்டாக மடித்த தடத்தோடு, அப்பளம் மாதிரி அழுந்திப்போய், பசை நாடாவில் ஒட்டியிருந்தன. கார்டு சார் ஒரு ஞாயிறு முழுக்க யோசித்துவிட்டுக் கைவிட்டார்.

உண்மை வெளியே வந்தது மருந்தம்மாவின் கடையில், மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் குளிராமல் போன அன்றைக்கு. வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் மருந்தம்மா பேச்சுவாக்கில் கேட்க, வாய் பேசாதவர் அன்றைக்குப் பேசிவிட்டார். எடை மேடை அறையில் மேசை ஆடிக்கொண்டே இருந்ததாம், கருவியில் எண்கள் குதித்தனவாம். புதிதாக ஒரு பெண் வேலைக்கு வரப்போகிறாள் என்று, முந்தின நாள் அவர்தான் இழுப்பறையில் கிடந்த பழைய புத்தகத்திலிருந்து ஆறு தாளைக் கிழித்து, எட்டாக மடித்து, மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தார். அறுபத்தொன்றையே தாங்கினவள் இன்னும் ஒன்றைத் தாங்க மாட்டாளா என்று, போன வாரம்தான் மேசையைத் தூக்கி அதை எடுத்து அவளிடம் கொடுத்தாராம்.

மடிக்கிறபோது கண்ணில் பட்டதைப் படிக்காமலும் இருக்கவில்லை. வாழ்நாளில் அவர் படித்த கதை அந்த ஆறு தாள்தான். மின்விசிறிக்கென்று போன பதினொரு தடவையும், ஏணி மேல் நின்று அவள் விசாரணையைக் கேட்டபோதெல்லாம், கிழவரைக் கொன்றவன் பையைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு வருகிற கடிகாரக்காரன் என்பது அவருக்குத் தெரியும்.